காளைக்கு வம்சாவளி இருந்தது: ஒரு திறந்த மடல்

இங்கிலாந்து அரச வேளாண் சங்கத்தாருக்கு,

வணக்கம். உங்கள் முதல் தலைவர் ஜான் சார்லஸ் ஸ்பென்சரை எனக்குப் பிடிக்கும். பிடித்தவர் என்பதால்தான் இந்த வழக்கு.

ஆல்தார்ப் பிரபு என்றே அறியப்பட்ட அவர் 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் நிதியமைச்சர். பேச்சு வராது, பதவி ஆசையும் கிடையாது. வாக்குரிமையை விரிவாக்கிய சீர்திருத்த மசோதா விவாதத்தில், எதிர்வாதத்தை முறியடிக்கும் கணக்கைப் போட்டதாகவும் தாளை எங்கோ வைத்துவிட்டதாகவும் சொன்னாராம். சபையும் அதை நம்பி அவர் பக்கம் வாக்களித்ததாம். இன்று எந்த அமைச்சர் இப்படித் தப்ப முடியும்?

மனசெல்லாம் மாட்டின் மேல்தான். 1818-இல் மனைவி எஸ்தர் பிரசவத்தில் இறந்தார். அதே ஆண்டு மாடு வளர்ப்பாளர் ராபர்ட் காலிங்கின் பண்ணை ஏலத்தில் ஷார்ட்ஹார்ன் இன மாடுகளை வாங்கினார். வைஸ்டன் பண்ணையில் அவர் வளர்த்த மந்தை பேர்போனது. அந்த இனத்துக்கு 1822-இல் கோட்ஸ் வெளியிட்ட மந்தைப் பதிவேட்டைப் புரட்டினால் பொலிகாளையின் தாய் யார், தாயின் தகப்பன் யார் என்று தலைமுறை தலைமுறையாகப் போகும். அப்புறம் 1838-இல், பெரிதும் அவர் முயற்சியால், உங்கள் சங்கம்.

ஆனால் 1834 ஏப்ரலில் புதிய ஏழையர் சட்ட மசோதாவைக் காமன்ஸ் சபையில் கொண்டுவந்தவரும் அவரே. அதற்கு நாலு வருஷம் முன்புதான் தென் இங்கிலாந்துப் பண்ணையாட்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் அவர்களுக்கு இருந்த வேலையே கையால் கதிரடிப்பதுதான். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், நூற்றுக்கணக்கானவர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். புதிய சட்டம் வந்தபின், உடம்பில் தெம்புள்ள ஆள் உதவி கேட்டால் வொர்க்ஹவுஸுக்கு, அதாவது ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதிக்குப் போ என்பதே பதில். அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். பசுவுக்கும் கன்றுக்கும் உள்ள உறவை அவ்வளவு அக்கறையாய்ப் பார்த்த மனிதர் கொண்டுவந்த சட்டம் இது.

அவர் கொடூரர் இல்லை. ஆலைகளில் குழந்தைகளின் வேலை நேரத்தைக் குறைத்த 1833 சட்டத்திலும் அவர் கை உண்டு. சரி, அதையும் சொல்லுங்கள்.

நான் கேட்பது இதுதான். உங்கள் தொடக்கக் கதையைச் சொல்லும்போது 1838-க்குப் பக்கத்தில் 1834-ஐயும் வையுங்கள். அன்று அந்த நிலங்களை உழுதவர்களின் பெயர்களைத் தேவாலயப் பதிவேடுகளிலும் வொர்க்ஹவுஸ் ஏடுகளிலும் தேடலாம். ஒரு ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை கொடுத்து அந்த வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
வேளாண் வரலாறு படிக்கும் ஒரு வாசகர்