யோபுவின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 14, புனித தேவசகாயம் திருவிழாவையொட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புலியூர்க்குறிச்சியில் அவர் முழங்கையால் இடித்த பாறையில் தண்ணீர் வந்தது, 2022 மே 15-ஆம் தேதி போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தது எல்லாம் இருந்தது. நான் தக்கலைப் பக்கத்துக்காரி, சின்ன வயதிலிருந்தே அந்தப் பாறைக்குப் போய் வருகிறவள். கட்டுரையில் விட்டுப்போன ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

1712-இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்த தேவசகாயம், திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்தவர். வீட்டில் மாடுகள் செத்து, பயிரும் பொய்த்து, மனம் நொந்து கிடந்த காலத்தில்தான் டிலனாயோடு அவருக்குப் பழக்கம். 1741 குளச்சல் போரில் டச்சுப் படையிலிருந்து பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படையையே பழக்கிய அதே டிலனாய். அவர் கல்லறை இன்றும் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. "எங்கள் சாமியைக் கும்பிடு, மாடு பிழைக்கும்" என்று அவர் சொல்லவில்லை. பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். பிள்ளைகள், ஆடுமாடு, உடம்பு எல்லாம் போன பிறகும் கடவுளை விடாத மனிதனின் கதை.

1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்கப்புறம் நடந்தது என்ன? வேலை போனது. 1749-இல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடிபட்ட புண்ணில் மிளகாய்த்தூள் தடவியதாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். ஏறக்குறைய மூன்று வருடம் விலங்கோடு இருந்தார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். நம்பினார், அதனால் நன்றாக இருந்தார் என்று அவர் வாழ்க்கையை யாரும் சொல்ல முடியாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போன மனிதர். சர்க்கரை நோயில் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். காப்பீட்டு அட்டையில் சிகிச்சைச் செலவு போய்விடுகிறது, ஆண்டவருக்கு நன்றி. மற்றபடி தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. எங்கள் ஊரில் ஒருவருக்கு இளநீரும் வாழைப்பழமும் கூடாது என்றால் அது எவ்வளவு பெரிய விரதம் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த நிலையில் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. "உங்களுக்கு விசுவாசம் போதவில்லையோ?" சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். ஏதாவது பாவம் மறைந்திருக்கும், அறிக்கையிடுங்கள் என்கிறார்கள். ஊசி குத்திக் குத்திக் கை தடித்துப்போன மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறார்கள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். ராத்திரி செபமாலை சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போயிருக்கும்.

யோபுவிடம் வந்த மூன்று நண்பர்களும் இதையேதான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் முதலில் ஏழு பகல் ஏழு இரவு அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எங்களிடம் வருகிறவர்கள் அதைக்கூடச் செய்வதில்லை. கடைசியில் ஆண்டவர் கோபப்பட்டது யார் மேல்? புலம்பி, கேள்வி கேட்டு, பிறந்த நாளையே சபித்த யோபு மேல் அல்ல, காரணம் கண்டுபிடித்துச் சொன்ன அந்த நண்பர்கள் மேல். எரியும் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று இளைஞர்கள் தானியேல் நூலில் சொன்னதையும் பாருங்கள். எங்கள் கடவுள் காப்பாற்ற வல்லவர், அப்படிக் காப்பாற்றாவிட்டாலும் உன் சிலையை வணங்க மாட்டோம் என்று அரசனிடம் சொன்னார்கள். அந்த "காப்பாற்றாவிட்டாலும்" என்ற பாதியைத்தான் இப்போது பல மேடைகளில் விட்டுவிடுகிறார்கள்.

குணமாக்கும் வல்லமை ஆண்டவருக்கு உண்டு என்று முழுமனதாய் நம்புகிறவள் நான். தினமும் அதைக் கேட்டு மன்றாடுகிறேன். ஆனால் குணமானால்தான் அவர் எனக்குக் கடவுள் என்று அவரிடம் நான் ஒப்பந்தம் போட்டதில்லை. என் வீட்டுக்காரரும் போடவில்லை. மெஷினில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ஆட்களின் பேர் சொல்லிச் செபிப்பார். அவர் வீட்டுத் திண்ணையில் விசுவாசத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிறவர்கள் ஒருநாள் வந்து அதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டயாலிசிஸ் செய்கிற இடத்துக்கு எங்களோடு வந்துகொண்டிருந்த ஒரு தம்பி, ஒரு குணமளிக்கும் கூட்டத்தில் "சுகமாகிவிட்டது" என்று சொன்னதை நம்பி டயாலிசிஸுக்கு வராமல் இருந்துவிட்டான். உடம்பெல்லாம் நீர் கோர்த்து, மூச்சு விட முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்தான். அவனுடைய அம்மா அழுதபோது சொன்னது, "மருந்து எடுத்தால் சந்தேகப்பட்டதாகும் என்று சொன்னார்களே." அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நம் எல்லோரும்தான், எந்தச் சபையாக இருந்தாலும் சரி.

பங்குத்தந்தையரையும் போதகர்களையும் கேட்டுக்கொள்கிறேன், தேவசகாயம் திருவிழாவில் பாறையைப் பற்றிச் சொல்லும்போது யோபுவையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழில் குணமளிக்கும் கூட்டங்களின் விளம்பரங்கள் வருகின்றன. வரட்டும். அவற்றுக்குக் கீழே "மருத்துவர் சொல்லாமல் மருந்தையோ டயாலிசிஸையோ நிறுத்த வேண்டாம்" என்று ஒரு வரி, படிக்கிற அளவு எழுத்தில், சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.