ஐ.ஆர்.சி. இன்னும் உயிரோடுதான் இருக்கிறது

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மீனா,

உன் மெயில் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் பதில் எழுத நேரமில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். சொட்டு மருந்துக்குக் கொஞ்சம் தாமதமானால் கூப்பிட்டுத் திட்டுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறாள். நீ வீடு மாறியது எனக்குச் சந்தோஷம். அந்தப் பழைய வீட்டில் தண்ணீருக்கு நீ பட்ட பாடு போதும்.

சரி, உன் பையன் கார்த்தி விஷயத்துக்கு வருகிறேன். "ராத்திரியெல்லாம் கறுப்பு ஸ்க்ரீனில் என்னவோ வரிவரியாக ஓடுகிறது, ஹேக்கிங் பண்ணுகிறானோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். படித்துச் சிரித்துவிட்டேன். அது ஹேக்கிங் இல்லைடி, ஐ.ஆர்.சி., அதாவது இன்டர்நெட் ரிலே சாட். நாம் பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து அரட்டை அடித்தோமே, அதேதான். உள்ளே நுழைந்ததும் முகம் தெரியாத பத்துப் பேர் "ஏ.எஸ்.எல்.?" என்று வயது, பால், ஊர் கேட்பார்களே, அந்த இடம். நீ வேண்டுமென்றே 68 வயது, ஆண், ராமநாதபுரம் என்று அடிப்பாய்.

நீ அதை விட்டுவிட்டாய், நான் விடவில்லை. வேலைக்காகவே தினமும் திறந்து வைத்திருக்கிறேன். டெபியன் லினக்ஸில் சிக்கல் வந்தால் கேட்க ஓ.எஃப்.டி.சி. என்ற ஐ.ஆர்.சி. நெட்வொர்க்கில் (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் கூட்டத்தில்) ஒரு சேனல், அதாவது அரட்டை அறை, இருக்கிறது. மற்றத் திறமூல மென்பொருள் ஆட்கள் நிறையப் பேர் 2021-ல் ஃப்ரீநோட் என்ற நெட்வொர்க்கில் நடந்த சண்டைக்குப் பிறகு லிபெரா சாட் என்ற நெட்வொர்க்குக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஐ.ஆர்.சி. என்பது 1988 ஆகஸ்டில் ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் எழுதிய சின்ன புரோகிராம். 1991-ல் சோவியத் யூனியனில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது உலகம் இதில் செய்தி கேட்டது. நாம் பார்த்த எத்தனை மெசஞ்சர்கள் வந்து போய்விட்டன, இது மட்டும் அசையவில்லை.

கார்த்தி செய்வது அரட்டை இல்லை, கோப்பு எடுப்பது. ஜப்பானிய அனிமே என்று நீ சொன்னதுமே புரிந்துவிட்டது. ரசிகர்களே சப்டைட்டில் போட்டு ஐ.ஆர்.சி. சேனல்களில் கொடுப்பது தொண்ணூறுகளிலிருந்து வரும் வழக்கம். அந்தச் சேனலில் மனிதர்களோடு பாட்களும் இருக்கும். பாட் என்றால் ஆள் இல்லாமல் தானாகப் பதில் சொல்லும் புரோகிராம். அதனிடம் உள்ள ஒவ்வொரு கோப்பும் ஒரு பேக், அதற்கு ஒரு எண். இவன் அந்த பாட்டுக்குத் தனியாக "எக்ஸ்.டி.சி.சி. சென்ட் #5" என்று ஒரு வரி அனுப்பினால் ஐந்தாவது பேக் வரத் தொடங்கும். ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் என்று பாட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. அது நிரம்பியிருந்தால் "நீ வரிசையில் பதினோராவது" என்று பதில் வரும். வரிசையில் நிற்கும்போது சேனலை விட்டு வெளியே போனால் இடமும் போச்சு. அவன் ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

தேடுவதுதான் இங்கே பெரிய வித்தை. எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் கிடையாது. சேனலின் தலைப்பு வரியைப் படிக்க வேண்டும், பாட்டிடம் பட்டியல் கேட்க வேண்டும். புத்தகச் சேனல்களில் "@" போட்டுத் தேடல் சொல்லைப் பொதுவில் அடித்தால், தேடல் பாட் ஒன்று யார் யாரிடம் என்ன இருக்கிறது என்பதை ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சுருக்கி உனக்கு அனுப்பும். அதைத் திறந்து வேண்டிய வரியை அப்படியே காப்பி செய்து சேனலில் ஒட்டினால், அந்தக் கோப்பை வைத்திருப்பவரின் பாட் அனுப்பிவைக்கும். பாட்டுக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் நாப்ஸ்டர் 1999-ல் வந்தபோது ஊரே அதைக் கொண்டாடியது இதனால்தான். பெயரை அடித்தால் போதும், யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டாம். இரண்டே வருடத்தில், 2001 ஜூலையில், வழக்கில் தோற்று மூடவேண்டி வந்ததும் அந்த மையப் பட்டியலால்தான். ஐ.ஆர்.சி.யில் அப்படிப் பிடித்து மூடுவதற்கு ஒரு இடம் இல்லை.

காரணம், ஐ.ஆர்.சி. சர்வரில் கோப்பே கிடையாது. ஒரு வரியை ஒருவரிடமிருந்து வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. அந்த வரியும் 512 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. அதற்குள் ஒரு சினிமாவை எப்படி அனுப்புவது? இங்கேதான் டி.சி.சி., அதாவது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் நேரடி இணைப்பு, வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐ.ஆர்.சி.2 என்ற மென்பொருளில் சேர்த்தார்கள். கல்யாணத் தரகர் மாதிரி, சர்வர் ஒரு வீட்டு முகவரியை இன்னொரு வீட்டில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன் பிறகு இரண்டு கம்ப்யூட்டரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். கோப்பு சர்வர் பக்கமே போகாது.

அந்த முகவரி வரியைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கோப்பின் பெயர், ஒரு பெரிய எண், ஒரு போர்ட் எண் (அந்தக் கம்ப்யூட்டரில் எந்தக் கதவு என்று சொல்வது), கோப்பின் அளவு. அந்தப் பெரிய எண்தான் ஐ.பி. முகவரி, நான்கு துண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதியது. 192.168.1.5 என்பது 3232235781 ஆகிவிடும். கார்த்தியைக் கூப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல், 256-ஆல் பெருக்கிப் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

"அவனால் எடுக்க முடிகிறது, ஆனால் நண்பனுக்கு ஒன்றை அனுப்பப் பார்த்தால் போகமாட்டேன் என்கிறதாம், கம்ப்யூட்டரில் கோளாறா?" என்று கேட்டிருந்தாயே, அதற்கும் பதில் இந்த எண்ணில்தான் இருக்கிறது. கோளாறு ஒன்றும் இல்லை. டி.சி.சி.யில் அனுப்புகிறவன் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பான், வாங்குகிறவன்தான் தேடிப்போய்த் தட்ட வேண்டும். பாட்கள் பெரும்பாலும் எங்கோ டேட்டா சென்டரில், நேரடியான பொது முகவரியில் இருப்பவை. இவன் போய்த் தட்டினால் திறக்கும். இவன் அனுப்பும்போது நிலைமை தலைகீழ். உன் வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் 192.168 முகவரியை வெளியூரிலிருந்து யாரும் தட்ட முடியாது, அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடலாம் என்பார்கள். ஆனால் இங்கே பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கின்றன, அப்படியிருந்தால் அதுவும் நடக்காது. பாஸிவ் டி.சி.சி. என்று ஒன்று உண்டு. அதில் வாங்குகிறவன் கதவைத் திறந்து வைப்பான். நண்பனுக்குப் பொது முகவரி இருந்தால் அதைப் பயன்படுத்தச் சொல். இல்லையென்றால் பென்டிரைவில் கொடுத்துவிட்டுப் போகட்டும், ஒரே தெருதானே.

டி.சி.சி. அவசரத்தில் எழுதியது போல ஒரு ஏற்பாடு, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு துண்டு வந்ததும் வாங்கும் பக்கம் "இதுவரை இவ்வளவு வந்தது" என்று நான்கு பைட்டில் எண்ணைத் திருப்பி அனுப்பும். நான்கு பைட்டில் 4 ஜி.பி.க்கு மேல் எண்ண முடியாது. அந்தக் காலத்தில் யார் அதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்? நம் 56 கே மோடத்தில் நல்ல நாளில் வினாடிக்கு 5 கே.பி. வரும். 650 எம்.பி. சி.டி. ஒன்றை இறக்க 37 மணி நேரம் ஆகும், அதுவும் நடுவில் வீட்டில் யாரும் போனை எடுக்காமல் இருந்தால்.

வந்த கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் வசதியும் டி.சி.சி.யில் கிடையாது. அதற்கு அனிமே ஆட்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கார்த்தி இறக்கிய கோப்புகளின் பெயரைப் பார். கடைசியில் சதுர அடைப்புக்குள் எண்ணும் எழுத்தும் கலந்து எட்டு குறிகள் இருக்கும். நீ அதைக் குப்பை என்று நினைத்திருப்பாய். அது சி.ஆர்.சி. 32 என்ற சரிபார்ப்பு எண். இறக்கிய கோப்பிலிருந்து அதே கணக்கைப் போட்டு அதே எட்டும் வந்தால் வழியில் எதுவும் கெடவில்லை என்று அர்த்தம். ஆனால் ஒருவன் வேண்டுமென்றே கோப்பை மாற்றியிருந்தால் அந்த எண்ணையும் சேர்த்து மாற்றியிருப்பான், அதை இது பிடிக்காது.

இனி நீ பயப்பட வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு என்று சொல்கிறேன். ஸ்க்ரீன் கறுப்பாக இருப்பதற்குப் பயப்படாதே. என் ஸ்க்ரீனும் நாள் முழுக்க அப்படித்தான். திடீரென்று நாற்பது ஐம்பது பேர் ஒரே நொடியில் காணாமல் போனாலும் பயமில்லை. இரண்டு சர்வருக்கு நடுவே இணைப்பு அறுந்திருக்கும், நெட்ஸ்பிளிட் என்பார்கள், கொஞ்ச நேரத்தில் மொத்தமாகத் திரும்பி வருவார்கள்.

பயப்பட வேண்டியது படம் என்று பெயர் போட்டு வரும் புரோகிராமுக்கு. விண்டோஸ் கோப்புப் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் நீட்சியை மறைத்துக் காட்டும். பெயர் பார்க்க வீடியோ போலவே இருக்கும், உள்ளே இ.எக்ஸ்.இ. இருக்கும். அரை எம்.பி.யில் ஒரு முழு எபிசோடு வராது என்று தெரிந்தாலே பாதி தப்பிவிடலாம். நீட்சியைக் காட்டும்படி முதலில் செட்டிங்கை மாற்றச் சொல். யார் எது அனுப்பினாலும் தானாக வாங்கிக்கொள்ளும் வசதியை அணைத்து வைக்கச் சொல். 1997-லேயே ஸ்க்ரிப்ட்.ஐ.என்.ஐ. என்ற பெயரில் ஒரு புழு எம்.ஐ.ஆர்.சி. என்ற விண்டோஸ் ஐ.ஆர்.சி. மென்பொருளை வைத்திருப்பவர்களிடையே டி.சி.சி. வழியாகப் பரவியது. வாங்கியவர் இருக்கும் சேனலுக்குள் புதிதாக நுழைபவர்களுக்கெல்லாம் தன்னைத் தானே அனுப்பும். 2000 மே மாதம் உலகையே கலக்கிய ஐ லவ் யூ வைரஸ் மெயிலில் மட்டும் பரவவில்லை, ஐ.ஆர்.சி. வழியும் அதற்கு இருந்தது. அப்புறம், "இந்த வரியை அடி, உனக்கு ஆப் பதவி கிடைக்கும்" என்று, அதாவது சேனலை நடத்தும் அதிகாரம் கிடைக்கும் என்று எவனாவது சொன்னால் அடிக்கவே கூடாது. புரியாத கட்டளையை அடித்துத் தன் கம்ப்யூட்டர் சாவியைத் தானே கொடுத்தவர்கள் நிறைய.

இன்னொன்று, டி.சி.சி. இணைப்பில் எதிரே இருப்பவருக்கு இவனுடைய உண்மையான ஐ.பி. தெரியும். சேனலில் முகமூடி போட்டுக்கொள்ளப் பல நெட்வொர்க்குகள் வசதி தருகின்றன, ஆனால் நேரடி இணைப்பில் அது உதவாது. அந்தப் பக்கம் இருப்பது யாருடைய கம்ப்யூட்டர் என்பதும் இவனுக்குத் தெரியாது. என்னைப் போல சர்வர் மேய்க்கிறவர்களுக்கு ஐ.ஆர்.சி. பாட் மேல் கோபம் வந்தது இதனால்தான். 2000-க்குப் பிந்தைய சில வருடங்களில் பல்கலைக்கழக கம்ப்யூட்டர்களில் புகுந்து, அங்கே இருந்த வேகமான இணைப்புக்காகவே திருட்டு பாட்களை வைத்தார்கள். டிஸ்க் ஏன் நிரம்பியது என்று தெரியாமல் நிர்வாகிகள் முழித்தார்கள். டால்நெட் என்ற ஐ.ஆர்.சி. நெட்வொர்க் 2003-ல் கோப்புப் பரிமாற்றச் சேனல்களே வேண்டாம் என்று முடிவெடுத்தது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறாய். டோரண்டில் எடுக்கும்போதே நீயும் பிறருக்குக் கொடுக்கிறாய், ஐ.ஆர்.சி.யில் எடுக்க மட்டும் செய்கிறாய், அதனால் இது தப்பில்லை என்று பையன்கள் சொல்வார்கள். முதல் பாதி சரி, முடிவு சரியில்லை. நம் நாட்டில் ஒரு படத்துக்கு வெளியான பின் 60 ஆண்டு காப்புரிமை உண்டு, எழுத்துக்கு எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டு. எந்தக் குழாய் வழியாக வந்தது என்று சட்டம் பார்க்காது. தொண்ணூறுகளில் ஜப்பானுக்கு வெளியே இருந்தவர்களுக்கு வேறு வழியே இல்லை, அதனால் அந்த ரசிகர்கள் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. இப்போது காசு கட்டினால் கிரன்ச்சிரோலில் சில தொடர்கள் தமிழ் டப்பிங்கோடே வருகின்றன. கார்த்திக்கு அந்தச் சாக்கு இல்லை. மாதச் சந்தாவை நீ கட்டிவிடு, சண்டையும் மிச்சம், ராத்திரித் தூக்கமும் மிச்சம். சேனலை மட்டும் விடச் சொல்லாதே. லினக்ஸ், புரோகிராமிங் சேனல்களில் போய் உட்கார்ந்தால் காலேஜில் சொல்லித் தராததைக் கற்றுக்கொள்வான். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, யாராவது பதில் சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருக்கப் பழகுவான். தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

உன் மாமனார் கேட்ட பழைய தமிழ் நூல்களை ஐ.ஆர்.சி.யில் தேடாதே, அங்கே புத்தகச் சேனல்களில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம். சங்க இலக்கியம், பக்தி இலக்கியம் என்றால் 1998-லிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவரும் மதுரைத் திட்டம் இருக்கிறது. பழைய அச்சுப் புத்தகங்களின் ஸ்கேன் வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஈழத்து நூல்களும் இதழ்களும் நூலகம் தளத்தில். எல்லாம் இலவசம், ஒளிந்து எடுக்க வேண்டாம். எழுத்துச் சின்னதாக இருக்கிறது என்று சொல்வார், டேப்லெட்டில் போட்டுக் கொடு.

கார்த்தி எந்த நெட்வொர்க்கில் இருக்கிறான், எந்த மென்பொருள் வைத்திருக்கிறான் என்று கேட்டு எழுது. எம்.ஐ.ஆர்.சி. என்றால் அதை எழுதிய காலித் மார்டம்-பேயின் படம் "அபவுட்" பெட்டியில் இருக்கும், அவர் மூக்கைக் க்ளிக் செய்து பார்க்கச் சொல். தை மாதம் சித்தி பெண் கல்யாணத்துக்கு மதுரை வருகிறேன், இரண்டு நாள் உன் புது வீட்டில்தான் தங்கப் போகிறேன். அறையைக் காலி செய்து வை.

அன்புடன்,
சாந்தி