பொய் மேளா

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்ததை அப்பா அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போட்டிருப்பார். ஆனால் போனில் நீ கேட்ட கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத ஊர்ல, புத்தகக் கண்காட்சியில போய் என்னம்மா பண்ணுனீங்க?" என்றாய். சிரித்துச் சமாளித்துவிட்டேன். இப்போது அப்பா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார், உட்கார்ந்து எழுதுகிறேன்.

யோசனை டீச்சருடையது. உன் எட்டாம் வகுப்புத் தமிழ் டீச்சரேதான். ரிட்டயர் ஆனதிலிருந்து நெல்லை, மதுரை, ஈரோடு, சென்னை என்று நாங்கள் பார்க்காத கண்காட்சி இல்லை. "ஏட்டி, கல்கத்தா மட்டும் என்ன பாவம் செஞ்சுது?" என்று ஒருநாள் கேட்டார். அவ்வளவுதான், ஹவுரா மெயிலில் டிக்கெட் போட்டாயிற்று. ரயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முட்டி வலித்தது. புளியோதரை ஒடிசா வரைக்கும் வந்தது.

அந்த ஊர்க் கண்காட்சி 1976-இல் ஆரம்பித்தது, நம்ம சென்னைக் கண்காட்சிக்கு ஒரு வயது மூத்தது. முன்னே நகரத்து நடுவில், 'மைதான்' என்கிற பெரிய வெட்டவெளியில் நடந்ததாம். இப்போது சால்ட் லேக்கில், சென்ட்ரல் பார்க்கில். நுழைவுச்சீட்டு கிடையாது. சென்னையில் முன்பெல்லாம் பத்து ரூபாய் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுவோமே, அந்த வேலையே இல்லை. ஹவுராவில் மெட்ரோ ஏறினால் கங்கைக்கு அடியிலேயே ரயில் போகிறது. சுரங்கத்தில் ஆறு வரும் இடத்துக்கு அடையாளமாக நீல விளக்கு போட்டிருக்கிறார்கள். ஆற்றுக்குக் கீழே 520 மீட்டர், முக்கால் நிமிஷம். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கவசம் சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது வரிக்குள் அக்கரை வந்துவிட்டது. "பாதியில நிறுத்தக்கூடாது" என்று கருணாமயி ஸ்டேஷன் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வங்காளத்தில் புத்தகத்துக்கு 'பொய்' என்று பெயர். முதல் எழுத்தை நாம் 'பஸ்' என்று சொல்கிற மாதிரி அழுத்தி உச்சரிக்க வேண்டும், ஆனால் நம்ம காதில் பொய்தான் விழுகிறது. கண்காட்சிக்குப் 'பொய் மேளா'. மெட்ரோவில் பக்கத்தில் இருந்த அம்மா "பொய் மேளா? பொய் மேளா?" என்று அன்பாகக் கேட்டதும் டீச்சருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல ரயிலேறி பொய் வாங்க வந்திருக்கோம்டி" என்றார்.

நாங்கள் போய் இறங்கிய மறுநாள் அங்கே சரஸ்வதி பூஜை. நமக்கு நவராத்திரியோடு வருவது அவர்களுக்குத் தை மாதத்தில். தெருவுக்குத் தெரு பந்தல், மஞ்சள் சேலை கட்டிய பள்ளிக்கூடப் பெண்கள். தங்கியிருந்த லாட்ஜுக்குப் பக்கத்துப் பந்தலில் ஒரு பையனுக்கு எழுத்தறிவித்தார்கள். மூன்று, மூன்றரை வயசு இருக்கும். சிலேட்டில் புரோகிதர் அவன் கையைப் பிடித்து ஒரு எழுத்து போட்டார். கையை விட்டதும் அவன் அதைப் புறங்கையால் அழித்துவிட்டு, தானாக ஒரு வட்டம் போட்டு எல்லாரையும் நிமிர்ந்து பார்த்தான். அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு உன் ஞாபகம். நீயும் 'அ' போடச் சொன்னால் தோசை போடுவாய்.

சரி, கண்காட்சிக்கு வருகிறேன். கூட்டமென்றால் கூட்டம். பெரிய பதிப்பகங்களின் ஸ்டாலுக்குள் போக நம்ம ஊர்த் தர்ம தரிசனம் மாதிரி வரிசை. கையில் மீன் பொரியலோடு நின்றுகொண்டே பின்னட்டை படிக்கிறார்கள். ஒரு ஸ்டாலில் வயசான ஒருவர், ஆங்கிலமும் இந்தியுமாக, 1997-இல் மைதானில் கண்காட்சி தீப்பிடித்து ஏராளமான புத்தகம் எரிந்த கதையைச் சொன்னார். எரிந்த சில நாளிலேயே மறுபடி பந்தல் போட்டுத் திறந்தார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்கு என்ன பெருமை!

சிற்றிதழ்களுக்கென்று தனிக் கொட்டகை. பள்ளிக்கூட மேசை அளவு இடத்தில் எழுதினவர்களே உட்கார்ந்து விற்கிறார்கள். டீச்சர் அங்கேயே குடியேறிவிட்டார். நான் பெரிய ஸ்டால்களுக்குப் போனேன்.

அங்கேதான் அது நடந்தது. பழக்கதோஷம், கை தானாக ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தது. துணி காயப்போடும் கொடி மாதிரி மேலே ஒரு கோடு, அதில் எழுத்தெல்லாம் தொங்குகிறது. எது தலைப்பு, எது எழுதினவர் பெயர் என்று தெரியவில்லை. முப்பத்தொரு வருஷம் நூலகராக இருந்தவளுக்கு, இது கதையா, சமையல் குறிப்பா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பக்கத்தைப் புரட்டினேன், படம் வந்தால் நின்றேன், மறுபடி புரட்டினேன். பின்னால் ஒரு காலேஜ் பையன் அந்த அலமாரிக்கு வரக் காத்திருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முதுகு கூசியது, வைத்துவிட்டு விலகிவிட்டேன்.

பனையேறித் தாத்தாவை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஸ்கூல் விட்டு நூலகத்துக்கு வந்தால் வேட்டி மடிப்பிலிருந்து நுங்கு எடுத்துத் தருவாரே. சாயங்காலம் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து பத்திரிகையை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். எழுத்து தெரியாது. கையெழுத்துப் பதிவேட்டில் நான்தான் அவர் பெயரை எழுதுவேன், அவர் பக்கத்தில் நின்று நான் எழுதி முடிப்பதைப் பார்ப்பார். ஒரு பரீட்சை சமயம், பிள்ளைகளுக்கு உட்கார நாற்காலி இல்லை. "படிக்கத் தெரியாதவங்க எதுக்கு இடத்தை அடைச்சிட்டு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். சத்தமாகக்கூட இல்லை. அவர் பத்திரிகையை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். பிறகு வரவே இல்லை. தாத்தா ஏன் வருவதில்லை என்று நீ கேட்டபோது, மகன் வீட்டுக்குத் தூத்துக்குடி போய்விட்டார் என்று சொன்னேன். அது பொய். அவர் ஊரில்தான் இருந்தார், அதற்கப்புறம் நாலு வருஷம். நான் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போவேன்.

இதை டீச்சரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு ராத்திரி சொன்னேன். சமாதானம் எதுவும் சொல்லாமல், "அவர் பேரு என்னட்டி?" என்று மட்டும் கேட்டார். பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தினமும் எழுதின பெயர்தானே.

மறுநாள் தேசிய நூலகம். நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர், தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப் பிள்ளையின் புத்தகங்களும் ஏடுகளும் அங்கேதான் இருக்கின்றன. அலிப்பூரில், பழைய பெல்வெடியர் மாளிகை வளாகம். ஆசையாகப் போய் இறங்கினால் கேட் பூட்டு. ஜனவரி 26! வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் நூலகத்துக்கு விடுமுறை என்று இருப்பது மூன்றே தேசிய விடுமுறை நாள்தான், அதில் ஒன்றைப் பொறுக்கிப் போயிருக்கிறோம். அதுவும் யார், ஒரு நூலகர்! டீச்சர் கம்பி வழியாகக் கட்டடத்தைப் பார்த்து, "வாத்தியாரய்யா, வந்துட்டுப் போறோம்" என்று கும்பிட்டார். எதிரே மிருகக்காட்சிசாலையில் நிற்கிற வரிசையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை.

அதற்குப் பதிலாகக் காலேஜ் ஸ்ட்ரீட் போனோம், டிராமில். பாதிக் கடை திறந்திருந்தது. நடைபாதை முழுக்கப் பழைய புத்தகம், கூரைக்குப் பதில் தார்ப்பாய். டிராம் உன் அப்பா மாதிரி, அவசரமென்பதே தெரியாது. விசிறித் தலைப்பாகை கட்டிய சர்வர்கள் இருக்கும் காபி ஹவுஸுக்கும் படியேறினோம். கூரை அவ்வளவு உயரம், சுவரில் பெரிய தாகூர் படம், மணிக்கணக்காக உட்கார்ந்து விவாதம் பண்ணுகிறார்கள். எல்லாம் சரி, காபியை மட்டும் கேட்காதே. 'இன்ஃப்யூஷன்' என்று பால் இல்லாமல் கொடுத்தார்கள். டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை மரியாதைக்காகக் கையில் வைத்திருந்தார்.

இதற்கெல்லாம் சேர்த்துச் சாப்பாட்டில் ஒரு சந்தோஷம் கிடைத்தது, நோலன் குட். குளிர்காலத்தில் ஈச்ச மரத்தில் கலயம் கட்டி, இறங்கும் சாற்றைக் காய்ச்சி எடுக்கிற வெல்லம். அதைப் போட்டுச் செய்த சந்தேஷ் என்கிற இனிப்பு வாயில் வைத்ததும் கரைகிறது. நம்ம உடன்குடிக் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி, அக்காவைவிடக் கொஞ்சம் சாது.

கிளம்புகிற அன்றைக்கு மறுபடி கண்காட்சிக்குப் போய், நான் ஒரே ஒரு புத்தகம் வாங்கினேன். வங்காளத்துச் சீர்திருத்தவாதி ஈஸ்வர சந்திர வித்யாசாகர் 1855-இல் எழுதின குழந்தைகள் அரிச்சுவடி. இன்றைக்கும் அச்சில் இருக்கிறது, மெல்லிசாக, விலையும் சொற்பம். கடைக்காரர் "பேரப்பிள்ளைக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு என்றேன். பில் போடுவதை நிறுத்திவிட்டு, அட்டையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பின்னால் வரிசை நின்றது, ஒருவர்கூட முனகவில்லை. வெளியே வந்து வாசல் பந்தலை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு முக்கோணம், பக்கத்தில் ஒரு கொக்கி. 'பொய்'. படித்துவிட்டேன்.

இப்போது பதினேழு எழுத்து தெரியும். அப்பா கேலி பண்ணுகிறார், பண்ணட்டும்.

உனக்கென்று வாங்கின நோலன் குட் வெல்லத்தை டொராண்டோவுக்கு அனுப்ப முடியாது போலிருக்கிறது, கூரியர்க்காரர் ஒழுகும் என்கிறார். அப்பா அதைத் தினமும் காலையில் காபியில் போட்டுக் குடித்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே.

அன்புடன்,
அம்மா