சோகலோ சதுக்கமும் அதன் அடிமண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மெக்சிகோ நகரின் மையச் சதுக்கமான சோகலோவைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. எழுதியவர் கால் வலிக்கச் சுற்றிப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்பதும் தெரிகிறது. ஆனால், ஸ்பானியர்கள் பழைய ஊரைச் சுவடில்லாமல் துடைத்துவிட்டு வெற்றுத் தரையில் ஓர் ஐரோப்பியச் சதுக்கத்தைக் கட்டினார்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் பணிக்காலம் முழுவதும் அஸ்திவாரங்களோடு மல்லுக்கட்டியவன். அந்தச் சதுக்கத்தை நேரில் பார்த்தும் இருக்கிறேன். அங்கே வெற்றுத் தரை என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை.

டெஸ்கோகோ ஏரியின் நடுவே ஒரு தீவில் ஆஸ்டெக் மக்கள் டெனோச்டிட்லான் நகரை நிறுவிய ஆண்டு 1325 என்பது மரபு. 1521 ஆகஸ்ட் 13 அன்று அது ஸ்பானியத் தளபதி கோர்டெஸின் படையிடம் வீழ்ந்தது. தண்ணீர் சூழ்ந்த இடம் வேண்டாம், கரையில் வேறு இடம் பார்க்கலாம் என்று கூட இருந்தவர்களில் சிலர் சொல்லியும் கோர்டெஸ் கேட்கவில்லை. தோற்றவனின் தலைநகர் மீதே தன் தலைநகர் எழ வேண்டும் என்பது அவர் கணக்கு. மனை அளந்து தெருப் போட்ட அலோன்சோ கார்சியா பிராவோ, பழைய நகரின் நேர்ச்சாலைகளை அப்படியே எடுத்துக்கொண்டார். மேற்கே ஏரியைக் கடந்து சென்ற பழைய கரைச்சாலையின் தடத்தில்தான் இன்றைய டக்குபா தெரு ஓடுகிறது. கோயில் வளாகத்துக்குத் தெற்கே ஒரு திறந்தவெளி முன்பே இருந்தது. சதுக்கம் அங்கேதான் அமைந்தது. கிழக்கே ஆஸ்டெக் பேரரசன் மொக்டெசுமாவின் அரண்மனை இருந்த இடத்தில் கோர்டெஸ் தனக்கு மாளிகை கட்டிக்கொண்டார். 1562-இல் ஸ்பானிய அரசு அதை விலைக்கு வாங்கியது. 1692 கலவரத்தில் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டு, 1920களில் மூன்றாவது தளமும் ஏறி, இன்று தேசிய அரண்மனையாக நிற்பது அதுதான். ஆள்பவனின் வாசல் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையிலேயே இன்றும் இருக்கிறது. இதையா துடைத்துவிட்டார்கள் என்கிறார் கட்டுரையாளர்?

வடக்கே நிற்கும் பேராலயத்துக்கு 1573-இல் அடித்தளம் போட்டார்கள். வேலை முடிந்தது 1813-இல். இருநூற்று நாற்பது ஆண்டுகள்! தொடக்கத் திட்டம் கிளாடியோ தே ஆர்சினியேகாவுடையது. கவிழ்த்த மணி வடிவக் கோபுர உச்சிகள் ஒர்ட்டிஸ் தே காஸ்ட்ரோவுடையவை. முகப்பின் மேல்பகுதியையும் குவிமாடத்தையும் முடித்தவர் மானுவல் டோல்சா. மூன்று காலத்துப் பாணிகள் ஒரே சுவரில் இருப்பதைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருக்கிறார். அதே சுவர் எதன்மேல் நிற்கிறது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

அந்த ஏரிக்களிமண்ணைப் போன்ற ஒன்றை எங்கள் துறைப் பாடநூல்களில் வேறு எந்த ஊருக்கும் காண்பது அரிது. சில அடுக்குகளில் உலர்ந்த மண்ணின் எடையைப்போல் மூன்று, நான்கு மடங்கு எடைக்குத் தண்ணீரே இருக்கும். தயிர்ச் சட்டிமேல் செங்கல் அடுக்குவது போன்ற வேலை அது. பழைய கட்டடங்களில் 'தெசோந்த்லே' என்ற செந்நிற எரிமலைக் கல்லை அவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தியதற்கு அழகு மட்டும் காரணமல்ல. அந்தக் கல்லில் நுண்துளைகள் நிறைய. ஆகவே எடை குறைவு. போதாக்குறைக்கு 1629-இல் வந்த வெள்ளம் 1634 வரை நகரத்தை விட்டு வடியவில்லை. பிறகு ஏரியையே வடித்தார்கள். குடிநீருக்காக அடிமண்ணிலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கினார்கள். நீர் போகப்போகக் களிமண் சுருங்கும். மேலே இருப்பது இறங்கும். நகரம் அமிழ்வதற்கு இதுதான் காரணம் என்பதை 1940களில் நபோர் கரீயோ என்ற மெக்சிகோ பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். பழைய நகரின் சில பகுதிகள் இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏழு மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கின்றன.

எல்லாம் ஒரே சீராக இறங்கினால் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. பேராலயத்தின் சிக்கல் வேறு. அதற்குக் கீழே ஆஸ்டெக் கோயில்களின் எச்சங்கள் இருக்கின்றன. நூற்றாண்டுக்கணக்கில் கோயில்களின் பாரம் அழுத்திய இடங்களில் களிமண் ஏற்கெனவே இறுகிவிட்டது. பக்கத்தில் பாரம் படாத இடம் இளக்கமாகவே இருந்தது. மேலே ஒரே கட்டடம், கீழே இருவேறு மண். 1990 வாக்கில் பின்புறச் சுவருக்கும் மேற்குக் கோபுரத்துக்கும் இடையிலான இறக்க வேறுபாடு சுமார் 2.4 மீட்டரைத் தொட்டுவிட்டது. மேலே கட்டியவன் துடைத்துவிட்டதாக நினைத்த கோயில்தான் அவன் கோபுரத்தை இன்றுவரை சாய்த்துக்கொண்டிருக்கிறது.

1993-இலிருந்து 1998 வரை அங்கே நடந்த வேலை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டியது. தாழ்ந்த பக்கத்தைத் தூக்க முடியாது. ஆகவே உயர்ந்த பக்கத்தை இறக்கினார்கள். தரைக்கு அடியில் சுமார் முப்பது கிணறுகளைத் தோண்டி, அவற்றின் அடியிலிருந்து பக்கவாட்டில் சிறு துளைகள் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணை உருவினார்கள். துளை மூடிக்கொள்ளும்போது மேலிருக்கும் பகுதி மெல்லக் கீழே வரும். உள்ளே சாரங்கள் தூண்களையும் வளைவுகளையும் தாங்கி நின்றன. பைசா கோபுரத்தின் சாய்வைக் குறைக்க 1999-இல் மண் எடுக்கத் தொடங்கியதும் இதே உத்தியில்தான். பைசா என்றால் பள்ளிக் குழந்தைக்கும் தெரிகிறது. சோகலோவை யார் சொல்கிறார்கள்?

ஆலயத்துக்குள் போனால் குவிமாடத்திலிருந்து ஒரு நீண்ட கம்பியில் தூக்குக்குண்டு தொங்குவதைப் பார்க்கலாம். நம் கொத்தனார் சுவரோரம் பிடிக்கும் அதே தூக்குக்குண்டு, அளவில்தான் பெரியது. அதன் முனைக்குக் கீழே தரையில், கட்டடம் எந்தெந்த ஆண்டில் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, பிறகு எவ்வளவு திரும்பியது என்று கோடிட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள். பலிபீடத்தின் பொன்வேலைப்பாட்டைப் படம் எடுக்கும் கூட்டம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. நான் அதை விட்டு நகர மனமில்லாமல் நின்றதில், உடன் வந்தவர்கள் பொறுமை இழந்தார்கள் என்பதும் உண்மை.

இன்னொரு விடுபடல். 1790-இல் சதுக்கத்துக்குக் கல் பாவத் தோண்டியபோது ஆகஸ்டில் கோவாட்லிகுவே என்ற தாய்த்தெய்வத்தின் பெருஞ்சிலையும், டிசம்பரில் புகழ்பெற்ற சூரியக்கல்லும் வெளிப்பட்டன. சூரியக்கல்லைப் பேராலயத்தின் மேற்குக் கோபுரச் சுவரில் பதித்து வைத்தார்கள். 1885 வரை அது அங்கேதான் இருந்தது. இதைக் கட்டுரை சொல்கிறது. தாய்த்தெய்வத்துக்கு நேர்ந்ததைச் சொல்லவில்லை. சிலையைப் பல்கலைக்கழக முற்றத்தில் வைத்ததும் பூர்வகுடி மக்கள் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்து வழிபடத் தொடங்கிவிட்டார்கள். அதிகாரிகள் பயந்துபோய் மறுபடி மண்ணுக்குள் புதைத்தார்கள். 1803-இல் வந்த ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் கேட்டுக்கொண்டதால் ஒருமுறை தோண்டிக் காட்டி, அவர் போனதும் மீண்டும் மூடினார்கள்.

ஆஸ்டெக்குகளின் தலைமைக் கோயிலான பெருங்கோயில் 1978-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று கட்டுரை சொல்வதும் முழுச் சரியல்ல. அதன் ஒரு மூலையை 1914-இலேயே தொல்லியலாளர் மானுவல் காமியோ அடையாளம் கண்டுவிட்டார். 1978 பிப்ரவரியில் மின்வாரியத் தொழிலாளர்கள் கேபிள் பதிக்கத் தோண்டியபோது கிடைத்தது கொயோல்ஷௌகி என்ற நிலாத் தெய்வத்தின் வட்டக்கல். மூன்று மீட்டருக்கும் மேல் குறுக்களவு. தலை, கை, கால் எல்லாம் தனித்தனியாக வெட்டுண்டு சிதறிக் கிடக்கும் பெண்ணுருவம்; கன்னத்தில் மணிகள். சகோதரனான போர்த்தெய்வம் உயிட்சிலோபோச்ட்லி அவளை வெட்டி மலையிலிருந்து உருட்டிவிட்டான் என்பது கதை. அவனுடைய சந்நிதிப் படிக்கட்டின் அடியில்தான் அந்தக் கல் கிடந்தது. அதன் பிறகே தொல்லியலாளர் எடுவார்டோ மாடோஸ் மொக்டெசுமா தலைமையில் பெரிய அகழாய்வு தொடங்கியது.

கடைசியாக இரண்டு சிறு திருத்தங்கள். 'அரசியலமைப்புச் சதுக்கம்' என்ற அதிகாரப்பூர்வப் பெயர் மெக்சிகோவின் 1917 அரசியலமைப்பைக் குறிப்பதல்ல. ஸ்பெயினின் காடிஸ் நகரில் 1812-இல் இயற்றப்பட்ட அரசியலமைப்பைக் குறிப்பது. அடுத்தது, 34ஆம் பக்கப் படம். 'பேராலயத்தின் முகப்பு' என்று அதன் கீழே அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தச் செங்கல்நிறச் சுவரும் தலைகீழாகக் குறுகும் தூண்களும் ஒட்டினாற்போல் கிழக்கே நிற்கும் சக்ராரியோ என்ற தனி ஆலயத்துக்கு உரியவை. பதினெட்டாம் நூற்றாண்டில் அதைக் கட்டியவர் லொரென்சோ ரோட்ரிகஸ். பேராலயம் அந்தப் படத்தின் இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. இணையப் பதிப்பிலாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்,
திருச்சி