மாத்திரையை நிறுத்துவது பற்றி

காரைக்குடி

அன்புள்ள மெய்யம்மைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் கலியாண வேலைகள் தொடங்கிவிட்டதில் மிக்க மகிழ்ச்சி. ஆனால் வலி அறவே போய்விட்டதால் முடக்குவாத மாத்திரைகளை இந்த மாதத்தோடு நிறுத்தப்போவதாகக் கடைசியில் எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை உடனே பேனாவை எடுக்க வைத்தது.

காலையில் விரல்கள் தடையின்றி மடங்குகின்றன என்றால், மருந்து நோயை அடக்கி வைத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். நல்ல நிலையில் இருந்தபோது எல்லா மருந்தையும் நிறுத்தியவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஓராண்டுக்குள் நோய் திரும்பியதாக ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. எங்கள் வளவில் கொட்டான் என்னும் பனையோலைக் கூடை முடையும் பெரியம்மா அப்படித்தான் தாமாக நிறுத்தினார்; சில மாதங்களில், சாயமேற்றிய ஓலையை மடித்து மூலை திருப்பும் இடத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட மறுத்தன. முடக்குவாதத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை மறுபடி தொடங்கியும், அது வேலை செய்ய 6 முதல் 12 வாரங்கள் ஆகுமாதலால், அதுவரை வீக்கத்தோடுதான் இருந்தார். அதற்குள் மூட்டெலும்பு அரிக்கப்பட்டுவிட்டால் அது பழையபடி ஆவதில்லை.

இத்தனை மருந்து உடம்புக்கு ஆகுமா என்ற உன் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் போட்ட மறுநாள் சோற்றைப் பார்த்தாலே குமட்டுவது எனக்கும் உண்டு. அந்தத் தொந்தரவைக் குறைக்கத்தான் ஃபோலிக் அமில மாத்திரை; வேறு கெடுதல் இருந்தால் முன்பே பிடிக்கத்தான் ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்குமான பரிசோதனைகள். வலி மாத்திரை வேறு கதை. வலி இல்லாதபோது அது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் வீண் சுமை, ஆகவே அதை விடலாமா என்று முதலில் கேள். ஸ்டீராய்டை மட்டும் திடீரென்று விட்டுவிடாதே. நெடுநாள் சாப்பிட்டவர் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும், சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நோய் குறைந்தது 6 மாதமாவது அடங்கியிருந்தால்தான் அளவைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்பது அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் 2021 வழிகாட்டுதல். அதிலும் அடியோடு நிறுத்துவதைவிடக் குறைப்பதும், குறைப்பதைவிட அதே அளவில் தொடர்வதும் மேல் என்கிறது. மருத்துவரிடம் "நிறுத்தட்டுமா" என்று கேட்காமல், "எதை, எவ்வளவு, எத்தனை மாத இடைவெளியில் குறைக்கலாம்" என்று கேட்டுப் பார். கலியாண அலைச்சல் முடியும்வரை எதையும் மாற்றாதே. உன் கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டின் நகலை எடுத்து வை. பரிசம் போட வரும்போது சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உமையாள்