'இவன் என் மனைவி': புனேயிலிருந்து ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். மகனுக்குப் புனேயில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். அவன் தங்க அறை பார்க்கும்படி எழுதியிருந்தீர்கள். இதுவரை மூன்று வீடுகள் பார்த்துவிட்டேன். மூன்றிலும் குடும்பஸ்தர்களுக்குத்தான் விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். நான்காவது வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது வீட்டின் படியிறங்கும்போது 'அஷி ஹி பன்வாபன்வி' என்ற மராத்திப் படம்தான் நினைவுக்கு வந்தது. சென்ற முறை நீங்கள் இங்கு வந்திருந்தபோது, ஆண்கள் சேலை கட்டி வரும் படங்கள் உங்களுக்கு ஒவ்வாது என்று சொல்லிப் பாதியிலேயே எழுந்துவிட்டீர்கள். அன்று சொல்ல நினைத்தும் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

கதை உங்களுக்கு ஓரளவு நினைவிருக்கும். புனேயில் வாடகை அறையில் இருக்கும் தனஞ்சய் மானேயிடம் தம்பியும் இரண்டு நண்பர்களும் வந்து சேர, வீட்டுக்காரர் அவர்களை வெளியேற்றிவிடுகிறார். லீலாபாய் என்ற முதிய அம்மையார் தம்பதியருக்கு மட்டுமே வீடு தருவார் என்பதால், நண்பர்களில் பரசுராம் பார்வதியாகவும் சுதீர் சுதாவாகவும் மாறி, அண்ணன் தம்பி இருவரின் மனைவியராகக் குடிபுகுகிறார்கள். 1966இல் ரிஷிகேஷ் முகர்ஜி இந்தியில் எடுத்த 'பீவி அவுர் மகான்' படத்தின் கதைதான் இது. ஆனால் 1988இல் சச்சின் பில்காவ்கர் இயக்கி, வசந்த் சப்னிஸ் வசனம் எழுதிய மராத்திப் படத்தை இந்த ஊர் தன் வீட்டுச் சொத்தாகவே ஆக்கிக்கொண்டது. அதற்குக் காரணம் கதையைவிட மொழிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தனஞ்சயாக வரும் அசோக் சராஃப், பெண் வேடத்திலிருக்கும் பரசுராமை அறிமுகப்படுத்தும் பதற்றத்தில், "ஹா மாஜா பாய்கோ பார்வதி" என்று சொல்லிவிடுகிறார். மராத்தியில் மனைவியைச் சுட்டும்போது 'ஹீ மாஜீ' என்றுதான் வரவேண்டும். 'ஹா மாஜா' ஆணுக்கு உரியது. 'இவன் என் மனைவி' என்று தமிழில் சொன்னால் பாதிதான் கிடைக்கிறது, ஏனென்றால் நம் 'என்' யாருக்காகவும் மாறுவதில்லை. மேலும், நம் பக்கத்தில் ஒருவர் மனைவியை அறிமுகப்படுத்தினால் 'இவங்க என் மனைவி' என்பார், அந்த மரியாதைக்குள் ஆண் பெண் வேறுபாடே மறைந்துவிடுகிறது. நாக்குத் தவறுவதற்கு நம் மொழி அங்கே இடமே தருவதில்லை.

அதோடு முடியவில்லை. நாம் 'வருகிறேன்' என்றால் சொல்பவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது. மராத்தியில் ஆண் 'மீ யேதோ' என்பான், பெண் 'மீ யேதே' என்பாள். ஆகவே அந்த வீட்டில் பார்வதியும் சுதாவும் தங்களைப் பற்றிப் பேசும் போதெல்லாம் வினைச்சொல்லின் கடைசி எழுத்தில் மாட்டிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. இங்கு வந்த முதல் ஆண்டில் நான் மராத்தி பழகியது கடைத்தெருவில்தான். ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்வதற்கு முன் இந்த விகுதிக்காக ஒரு கணம் நின்று யோசித்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, சேலை நழுவுமோ என்பதைவிடச் சொல் நழுவுமோ என்ற பயத்தோடுதான் நான் அந்தப் படத்தைப் பார்க்கிறேன்.

தமிழுக்கு அப்படியே வந்து பொருந்தும் இடமும் உண்டு. நீரிழிவுக்கு மருந்து வரவழைத்துத் தருவதாக வீட்டுக்காரரிடம் தனஞ்சய் எழுபது ரூபாய் வாங்கியிருப்பார். மருந்து தரவேண்டிய நண்பர் எங்கே என்று கேட்டால் காலமாகிவிட்டார் என்பார். என் எழுபது ரூபாய் என்று கேட்டால் அதுவும் காலமாகிவிட்டது என்பார். திரும்பிவராத கடனைப் பற்றிப் பேச்சு வந்தால் என் அலுவலகத்தில் இன்றும் யாராவது அந்த வசனத்தைச் சொல்லாமல் விடுவதில்லை.

பாட்டுகளுக்கு இசை அருண் பௌட்வால். அவற்றில் 'குணீதரி யேணார் யேணார் க' என்று ஊரே அறிந்த பாட்டு, பார்வதிக்குப் பிள்ளை உண்டாகியிருப்பதாக நம்பவைத்துப் பாடப்படுவது. நம் வளைகாப்பைப் போல இங்கு 'டோஹாளே ஜேவண்' என்ற சடங்கு இருக்கிறது. கர்ப்பிணிக்குப் பச்சைச் சேலை உடுத்தி, பூவால் நகை செய்து பூட்டி, மூடிய இரண்டு கிண்ணங்களில் ஒன்றைத் திறக்கச் சொல்வார்கள். பேடா வந்தால் பையன், பர்ஃபி வந்தால் பெண் என்பது விளையாட்டு. சென்ற மாதம் எதிர்வீட்டில் அந்தச் சடங்கு நடந்தது. கிண்ணத்தைத் திறந்து பர்ஃபியைக் கண்டு அந்தப் பெண் சிரித்த அதே நேரத்தில், ஒலிபெருக்கியில் இந்தப் பாட்டைத்தான் போட்டார்கள். அவளுடைய பாட்டி கைதட்டிக்கொண்டே கூடச் சேர்ந்து பாடினார். பெண்களைக் கேலி செய்யும் பாட்டாக இருந்திருந்தால், ஒரு நிஜத் தாய்க்காக அதை யாரும் பாடியிருக்க மாட்டார்கள்.

ஆண் பெண் வேடமிடுவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. சங்கீத நாடக மேடையில் ருக்மிணியாகவும் சிந்துவாகவும் பாடி நடித்த பால கந்தர்வர் (1888–1967) சேலை உடுத்திய பாணியைப் பார்த்து மராட்டியப் பெண்கள் உடுத்தினார்கள் என்பார்கள். முட்டா ஆற்றங்கரைப் பக்கம் நாம் நடந்து போனபோது நீங்கள் பார்த்த அரங்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது. இயக்குநர் சச்சினே நடித்த சுதாவிடம் அந்த மரபின் அடக்கமும் நளினமும் எனக்குத் தெரிகின்றன. லக்ஷ்மிகாந்த் பேர்டே நடித்த பார்வதி நேர்மாறு, சேலைக்குள் திணறும் ஒரு பையன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதுதான் படம் நிறைவு பெறுகிறது. பேர்டே 2004இல் மறைந்தார். தம்பியாக நடித்த சித்தார்த் ரேயும் அதே ஆண்டில் போய்விட்டார். அவர்கள் திரையில் தோன்றும்போது வீட்டில் சிரிப்பு அடங்கி யாராவது பெருமூச்சு விடுவது வழக்கமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டைப் பார்த்துவிட்டு உடனே எழுதுகிறேன். மகனைக் கொண்டுவந்து விடும்போது இரண்டு நாள் தங்கும்படி வாருங்கள். நீங்கள் எழுந்துபோன இடத்திலிருந்து படத்தைப் போடுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து விகுதி மாறும் இடங்களை நான் சொல்லிக்கொண்டே வருவேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்