இறங்கினால் லாபம் என்பது ஒரு நாள் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம். சந்தை விழுந்தால் லாபம் தரும் இன்வர்ஸ் ஃபண்டுகள் பற்றிய உங்கள் கட்டுரையில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அமெரிக்காவில் விற்கும் இந்த ஃபண்டுகளில் பெரும்பாலானவை அன்றன்றைய ஏற்ற இறக்கத்துக்கு மட்டும்தான் எதிர்த்திசையில் நகரும், மறுநாள் கணக்கு புதிதாகத் தொடங்கும். அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஒரு நாளில் 10 சதவீதம் இறங்கி, மறுநாள் பழைய இடத்துக்கே திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபண்டில் போட்ட 100 டாலர் முதல் நாள் 110 ஆகும், சரி, அப்புறம் 90-லிருந்து 100 என்பது 11.1 சதவீத ஏற்றம் ஆயிற்றே, 110-இல் அந்த 11.1 சதவீதத்தைக் கழித்தால் கையில் நிற்பது 97.78 டாலர். குறியீட்டைப் போல இரண்டு மடங்கு எதிர்த்திசையில் நகரும் ஃபண்டு என்றால் 93.33.

2020 பிப்ரவரி, மார்ச்சில் அந்தக் குறியீடு ஐந்தே வாரத்தில் சுமார் 34 சதவீதம் சரிந்தபோது, நியூஜெர்சியில் இருக்கும் என் மைத்துனர் இன்னும் விழும் என்று பயந்து, மகளின் கல்லூரிக்குச் சேர்த்த பணத்தை இப்படி ஒன்றில் போட்டார். ஆகஸ்டில் குறியீடு பழைய உச்சத்தையே தாண்டிவிட்டது. 'ஒரு நாளுக்கு மட்டும்' என்ற வரி ஃபண்டின் விவரக் குறிப்பில் இருந்ததாம், விற்றுவிட்டு வெளியே வந்த பிறகுதான் படித்திருக்கிறார். தயவுசெய்து அந்த வரியை அடுத்த இதழில் பெரிய எழுத்தில் போடுங்கள்.